ஊர் உட்கார முடியாமல் போன முப்பத்தெட்டு நாள்

முதல்ல உட்காருங்க சார். அந்த ஸ்டூல் வேண்டாம், அதுக்கு ஒரு கால் கட்டை. இந்த சீட்டுல உட்காருங்க, பழைய கார் பின்சீட்டுதான், மேல்துணி மாத்தியாச்சு, கூச்சப்படாம நல்லாச் சாஞ்சு உட்காருங்க. உங்க வண்டி எங்கயும் ஓடிப் போயிராது. என் ஷெட்டுல யாரும் நின்னுக்கிட்டுப் பேசக் கூடாது, அது இங்க சட்டம். ஏன் இப்படி ஒரு சட்டம்னு கேப்பீங்க, அதுக்குப் பதில் கொஞ்சம் நீளம்.

என் பேரு கொம்பையா. இந்த வெள்ளூரணியில இருபத்தாறு வருஷமா வண்டி வேலை பாக்குறேன். நீளத் திருப்புளி ஒண்ணு வச்சிருக்கேன், அதோட முனையை ஓடுற இஞ்சின் மேல வச்சு, பிடியைக் காதுல வச்சா, எந்த வால்வு தட்டுது, எந்த பேரிங் தேஞ்சிருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிருவேன். வண்டியைக் கொண்டு வர்றவன் வாயைத் திறக்கிறதுக்கு முன்னால நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன்: கடைசியா கை வச்சது யாரு? அவன் எந்த மெக்கானிக் பேரைச் சொன்னாலும் சரி, அந்தப் பேரைக் கேட்ட உடனே நான் ஒரு சிரிப்புச் சிரிப்பேன், அந்தச் சிரிப்புலயே அந்த மெக்கானிக்கோட மானம் போயிரும். எனக்கு அப்ப தலைக்கனம் அவ்வளவு, இல்லேன்னு சொல்ல மாட்டேன்.

ஊர் எப்படின்னா, நடுவுல சிவன் கோயில், அதைச் சுத்தி கீழத்தெரு, தெற்குத்தெரு, மேலத்தெரு, வடக்குத்தெருன்னு நாலே நாலு தெரு. என் ஷெட்டு தெற்குத்தெரு முக்குல. வடக்குத்தெருவுல தெய்வசிகாமணி சார்னு பத்திர ஆபீஸ்ல இருந்து ரிடையரானவர், அவர்கிட்ட ஒரு கறுப்புக் கார், எங்க அப்பா காலத்து மாடல், நம்பர் பதினேழுல முடியும், அதனால ஊர்ல அதுக்குப் பேரே பதினேழுதான். ஏத்தத்துல திணறுது, நின்னா குலுங்குதுன்னு அதை என்கிட்ட கொண்டாந்து விட்டாரு. நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். பைபாஸ் ரோட்டுல ஷெட் போட்டிருக்க அந்தோணி கார்பரேட்டர் கழட்டி மாட்டுனான்னு சொன்னாரு. நான் சிரிச்சேன்.

வேலை ஒண்ணும் பெரிசில்ல. பிளக்குக்கு நெருப்பைத் தட்டி விடுற பாயிண்ட்டு தேஞ்சு போயிருந்துச்சு, மாத்துனேன், வண்டி பூனைக்குட்டியா உறுமுச்சு. அதுக்குள்ள ஆயுதபூசை வந்துருச்சு. பூசைன்னா நமக்குத் தெரியும்ல, அன்னைக்கு ஷெட்டுல ஒரு ஸ்பானர் விடாமக் கழுவணும், திருநீறு பூசணும், சந்தனம் குங்குமம் வைக்கணும். ஊர்ல பெரிய வண்டி, பூசைக்கு அதுதான் நாயகின்னு பதினேழோட பின்சீட்டைக் கழட்டி வெளிய போட்டு உள்ளயெல்லாம் பெருக்கி, இஞ்சினைத் துடைச்சு, பிளக் ஒயர் நாலையும் கழட்டி மண்ணெண்ணெயில கழுவி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சந்தனப் பொட்டு வச்சு, சூடத்தட்டை இஞ்சினுக்கு மூணு சுத்துச் சுத்தி இறக்கி வச்ச கையோட, ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டுன்னு சிலிண்டர்ல நெருப்பு விழுற வரிசையை வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே திரும்ப மாட்டுனேன். என் வீட்டுக்காரி செண்பகம் பக்கத்துல நின்னு சுண்டலைப் பிரிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தா. அவளுக்கு அப்ப எட்டாம் மாசம். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துக்கு அப்புறம் வயித்துல தங்குன மொதப் பிள்ளை.

மறுநாள் விஜயதசமி. நாலு டயருக்கும் அடியில எலுமிச்சம்பழம் வச்சு, தெய்வசிகாமணி சாரையும் நிறுத்தி வச்சுக்கிட்டு, சாவியைத் திருப்புனேன். படார்னு ஒரு வெடி. கோயில் புறா அத்தனையும் எந்திரிச்சிருச்சு. அப்புறம் இஞ்சின் ஓடுச்சு, ஆனா நொண்டிக்கிட்டு, ரெண்டு அடி நல்லா, ரெண்டு அடி இடறல்னு, வண்டியே தலைகால் தெரியாம ஆடுச்சு. சரி, நிறுத்திட்டுப் பாப்போம்னு சாவியைத் திருப்பி எடுத்து என் சட்டைப் பையில போட்டேன். இஞ்சின் நிக்கலை.

பழைய வண்டியில இது உள்ளதுதான், சூட்டுல சாவியை எடுத்தப்புறமும் நாலு முக்கு முக்கிட்டு நிக்கும். இது நிக்கலை. பெட்ரோல் குழாயைக் கழட்டுனேன், ஓடுச்சு. பேட்டரியைத் தூக்கிக் கீழ வச்சேன், ஓடுச்சு. கார்பரேட்டர் வாயில துணியை வச்சு அடைச்சேன், துணி நனைஞ்சது தவிர வேற ஒண்ணும் நடக்கலை. சரி, டீயைக் குடிச்சிட்டு யோசிப்போம்னு ஸ்டூல்ல உட்காரப் போனேன், கால் உட்கார மாட்டேன்னுருச்சு. தெய்வசிகாமணி சார் நாற்காலி வரைக்கும் போயிட்டு நாற்காலியைச் சுத்தி வந்தாரு. செண்பகம் படியில உட்காரக் குனிஞ்சா, குனிஞ்சது குனிஞ்சபடியே நடக்க ஆரம்பிச்சா. அந்தச் சத்தம் எவன் காதுல எல்லாம் விழுந்துச்சோ அவனெல்லாம் நடந்தான், இஞ்சின் நடந்த மாதிரியே நடந்தான், ரெண்டு எட்டு நல்லா, ரெண்டு எட்டு இடறி. மத்தியானத்துக்குள்ள நாலு தெருவும் நொண்டிக்கிட்டே கோயிலைச் சுத்துச்சு.

பயந்தாங்களான்னு கேட்டா, மொத ரெண்டு நாள் பயந்தாங்க. மூணாம் நாளு பழகிருச்சு. எங்க ஊர் எதுக்கும் பழகிரும் சார், தண்ணி பன்னெண்டு நாளைக்கு ஒரு தடவை வந்ததுக்கே பழகுன ஊரு. நாலாயிரம் பேரு ஆளுக்கொரு திசையில போனா முட்டிக்கும்னு எல்லாருமே வலமாச் சுத்தணும்னு கோயில் குருக்கள் சொல்லிட்டாரு, பிரதட்சிணம் ஆன மாதிரியும் ஆச்சு, நெரிசலும் இல்ல. சவரக்கடை மாரிமுத்து வாடிக்கையாளனுக்கு முன்னால பின்னோக்கி நடந்துக்கிட்டே மீசையை ஒதுக்குனான், ரெண்டு தெரு தாண்டுறதுக்குள்ள ஒரு சவரம். டீ மாஸ்டர் கடையைத் தள்ளுவண்டிக்கு மாத்திட்டாரு. பள்ளிக்கூடத்துல வாத்தியார் முன்னால வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே போக, பிள்ளைங்க பின்னால சொல்லிக்கிட்டே போச்சு, கீழத்தெருவுல ஏழாம் வாய்ப்பாடுன்னா வடக்குத்தெரு வர்றதுக்குள்ள எட்டு முடிஞ்சிரும். ஐப்பசியில ஒரு கல்யாணம் நடந்துச்சு, பொண்ணும் மாப்பிள்ளையும் அக்கினியை மூணு சுத்துச் சுத்தணும்னு ஆரம்பிச்சு நூத்தி எத்தனையோ சுத்து சுத்துனாங்க, பந்தியில இலையைக் கையில ஏந்திக்கிட்டு நடந்தே சாப்பிட்டோம், பாயசத்துக்குத்தான் கொஞ்சம் சிரமப்பட்டுப் போச்சு. தூக்கத்துக்கும் ஒரு வழி பண்ணிக்கிட்டாங்க: முன்னால போறவன் தோள்ல கை வச்சு, பின்னால போறவன் கண்ணை மூடிக்குவான், நாலு சுத்துக்கு ஒரு தடவை இடம் மாத்திக்குவாங்க. வேற சில காரியத்தையெல்லாம் எப்படிச் செஞ்சாங்கன்னு கேக்காதீங்க.

ஆடு மாடுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல, மனுசனுக்கு மட்டும்தான். நாய்ங்க நடுத்தெருவுல படுத்துக்கிட்டு எங்களை வேடிக்கை பாத்துச்சு. கோயில் நந்தி மேல ஊருக்கே பொறாமை, ஒவ்வொரு சுத்துலயும் வாசல் வழியா அதை எட்டிப் பாத்துட்டுப் போவாங்க, எவ்வளவு சுகமா உட்கார்ந்திருக்கு பாருன்னு பொம்பளைங்க பெருமூச்சு விடுவாங்க. நந்திக்கு மாலை சாத்துறேன்னு நேர்த்திக்கடன் போட்டவங்க நாப்பது பேருக்கு மேல. பந்தல்காரர் மட்டும்தான் நாற்காலியெல்லாம் சும்மா கிடக்குன்னு புலம்பிக்கிட்டே நடந்தாரு. இருபதாம் நாளுக்கு மேல இன்னொரு கட்சி கிளம்புச்சு. சர்க்கரை நோய்க்காரங்களுக்கெல்லாம் சர்க்கரை இறங்கிருச்சாம், தொந்தி கரைஞ்சு போச்சாம், இஞ்சினை அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம், தை மாசம் வரைக்கும் ஓடட்டும்னு மேலத்தெருவுல கையெழுத்து வாங்க ஆரம்பிச்சுட்டாங்க.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இவனுகளுக்குத் தொந்தி, எனக்கு செண்பகம். அவ கால் ரெண்டும் வீங்கிப் போச்சு, செருப்பு நுழையலை, இடறுற ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்பைப் பிடிச்சுக்குவா. பைபாஸ் வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போயி, அங்க இருந்து கோவில்பட்டிக்கு பஸ்ஸுல கூட்டிட்டுப் போனேன், சத்தம் கேக்காத தூரம் போனா சரியாப் போயிரும்னு நெனச்சேன். பஸ்ஸுக்குள்ளயே முன்னாலயும் பின்னாலயும் நடந்தா. ஆஸ்பத்திரியில கட்டிலைக் காட்டுனாங்க, கட்டிலைச் சுத்தி நடந்தா. ஒரு தடவை காதுல விழுந்தாப் போதும், அந்தச் சத்தம் கூடவே வந்துரும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. திரும்பக் கூட்டிட்டு வந்துட்டேன். பிரசவம் பாக்குற கிரேஸ் சிஸ்டரும் நம்மூர்க்காரவுகதான், அவுகளும் நடக்கிறவுகதான், செண்பகம் கூடவே நடந்து நாடி பாத்து, ரத்த அழுத்தம் பாத்து, என்னைத் தனியா ஒரு சுத்துக் கூப்பிட்டாக.

"அண்ணாச்சி, இன்னும் பத்துப் பன்னெண்டு நாள்தான். பிள்ளை வர்ற நேரத்துல இவ அரை மணி நேரமாவது படுக்கணும். இந்த இடறல்ல நடந்துக்கிட்டே பெத்தா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்ல. படுக்க வைக்கிறதுக்கு நீங்க வழி பண்ணுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

அதுக்கு ரொம்ப முன்னால, மொத நாலஞ்சு நாள்லயே நான் பண்ணாத சோதனை இல்ல சார். இஞ்சினைச் சுத்தி நடந்துக்கிட்டே பண்ணுனேன், திருப்புளியை வச்சுக் காதைக் குடுக்கக்கூட ஓடிக்கிட்டே ஒரு நொடி குடுத்துட்டு அடுத்த சுத்துல மறு நொடி குடுக்கணும். எந்த சிலிண்டர் வேலை செய்யலைன்னு பாக்க ஒரு வழி இருக்கு, பிளக் ஒயரை ஒவ்வொண்ணாப் பிடுங்குறது. பிடுங்குன உடனே இஞ்சின் தொய்ஞ்சா அந்த சிலிண்டர் நல்லா இருக்கு, தொய்யலைன்னா அது ஏற்கெனவே செத்தது. ஒண்ணைப் பிடுங்குனேன், இஞ்சின் தொய்ஞ்சுச்சு, ஊர் மொத்தமும் முழங்கால் மடங்கி விழப் பாத்துச்சு, நாலு தெருவுல இருந்தும் என்னைப் பெத்தவளையும் சேத்துத் திட்டுனாங்க. நாலைப் பிடுங்குனேன், அதே கதை. ரெண்டைப் பிடுங்குனேன், மாற்றமே இல்ல. மூணு, மாற்றமே இல்ல. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ரெண்டும் சேந்து சாகுதுன்னா என்ன அர்த்தம்? நடுவுல ஹெட் கேஸ்கட், அதான் இஞ்சின் தலைக்கு அடியில வைக்கிற தகடு, போச்சுன்னு அர்த்தம். ஏன் போச்சு? வண்டி சூடானதுல போச்சு. ஏன் சூடாச்சு? அந்தோணி கார்பரேட்டர்ல பெட்ரோலைக் குறைச்சு வச்சதுல சூடாச்சு. நான் இதைச் சந்தேகமாச் சொல்லலை, தீர்ப்பாச் சொன்னேன், நாலு தெருவுலயும் நடந்து நடந்து சொன்னேன். ஓடுற இஞ்சின்ல ஹெட்டைக் கழட்ட முடியாது, அதனால நான் என்ன செய்ய முடியும்னு கையை விரிச்சேன். அஞ்சாம் நாளே சொல்லிட்டேன்.

அந்தோணிக்குச் சேதி போயிருச்சு. பைக்கை எடுத்துக்கிட்டு வந்தான், எங்க ஊர் எல்லைக்கு வந்த உடனே சத்தம் காதுல விழுந்து பைக்கைத் தள்ளிக்கிட்டே நடக்க ஆரம்பிச்சுட்டான். சின்னப் பையன்தான், என்னைவிடப் பத்துப் பன்னெண்டு வயசு குறைச்சல். என் பக்கத்துல வந்து, சத்தம் போடாமத்தான் கேட்டான்.

"அண்ணாச்சி, டிஸ்ட்ரிபியூட்டர்ல ஒயர் வரிசையை ஒரு தடவை பாத்துருவமா?"

டிஸ்ட்ரிபியூட்டர்னா ஒண்ணுமில்ல சார், நாலு பிளக்குக்கும் முறை வச்சு நெருப்பைப் பங்கு போட்டுக் குடுக்குற டப்பா. மேல மூடி, மூடியில நாலு ஒயரு, உள்ள விரல் மாதிரி ஒண்ணு சுத்தி ஒவ்வொரு ஒயருக்காக் குடுத்துக்கிட்டே போகும். அந்த நாலு ஒயரையும் மாட்டுனது நானு. நான் மாட்டுன ஒயரை இவன் பாப்பானாம். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிருச்சு. நீ பால் குடிச்சிக்கிட்டு இருந்த காலத்துல இருந்து நான் ஒயர் மாட்டுறேன், முதல்ல ஒன் கார்பரேட்டரைப் பாருன்னு அத்தனை பேரு நடுவுல வச்சுக் கேட்டேன். சுத்தி நடந்தவங்கள்லாம் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் பைபாஸ் பக்கம் போனவன் எவனோ அந்தோணி ஷெட்டு போர்டுல கிரீஸைப் பூசிட்டான். வேலைக்கு விட்டிருந்த வண்டியெல்லாம் ஒவ்வொண்ணாத் திரும்ப எடுத்துட்டுப் போனாங்க. அவன் எங்ககூடவே நடந்தான். ஐப்பசி மழை கொட்டுன அன்னைக்கு நான் இஞ்சினோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன், செண்பகம் நனைஞ்சுக்கிட்டே நடந்தா, அவதான் அப்புறம் சொன்னா, அன்னைக்கு மேலத்தெரு முழுக்க அவளுக்குக் குடை பிடிச்சுக்கிட்டு வந்தது அந்தோணிதானாம். அதைக் கேட்டும் நான் கேஸ்கட் கதையை விடலை.

முப்பத்தேழாம் நாள் காலையில செண்பகம் திரும்பிட்டா. அப்படின்னா, எல்லாரும் வலமாப் போய்க்கிட்டு இருக்கும்போது இவ தெற்குத்தெரு முக்குல சட்டுன்னு திரும்பி இடமா நடக்க ஆரம்பிச்சுட்டா. நாலாயிரம் பேரு எதிர்ல வர்றாங்க, இவ ஒருத்தி வயித்தைப் பிடிச்சுக்கிட்டு எதுத்துப் போறா. குருக்கள் பதறிப் போயி, இடமாச் சுத்துறது பொணம் தூக்கும்போதுதாம்மா, பிள்ளைத்தாச்சி செய்யிற காரியமா இதுன்னு சத்தம் போட்டாரு. செண்பகம் நடையை நிறுத்தாமப் பதில் சொன்னா.

"வலமாப் போனா இடுப்பு கேக்கலை சாமி. இடமாப் போனா வலி குறையுது. நான் என்ன செய்யட்டும்?"

அவளோட இடறல் குறைஞ்சிருந்ததை நானே பாத்தேன். மேலத்தெரு முக்குல போயி, ஒரு மூச்சு இழுத்து விடுற நேரம், ஒரே ஒரு மூச்சு நேரம், அவ நின்னா. முப்பத்தேழு நாள்ல மொதத் தடவையா எங்க ஊர்ல ஒரு மனுசி நின்னதை ஊரே பாத்துச்சு, அப்புறம் திரும்பவும் நடந்தா.

எனக்கு அந்த நிமிசமே தெரிஞ்சு போச்சு சார். அந்த மாடல் இஞ்சின்ல டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற விரல் இடமாச் சுத்தும். ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டுன்னு ஒயரையும் இடமா மாட்டணும். வருஷக்கணக்கா அப்படித்தான் மாட்டுறேன், தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். ஆனா ஆயுதபூசை அன்னைக்கு, திருநீறு பூசுன கையி, சூடத்தட்டைச் சுத்தி இறக்குன கையி, சாமி காரியத்துல இருந்த கையி, அது வலமாத்தான் போயிருக்கு. ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டுன்னு வாய் சரியாத்தான் சொல்லிச்சு, கையி கோயிலைச் சுத்துற மாதிரி சுத்திருச்சு. அப்படி மாட்டுனா ஒண்ணும் நாலும் சரியா இருக்கும், ரெண்டும் மூணும் மாறிப் போயிரும். கேஸ்கட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மூடியைப் பாத்திருந்தாக் கூடக் கண்டுபிடிச்சிருக்கும், நான் முப்பத்தேழு நாளா அதை மட்டும் பாக்கலை, என் கை பட்ட இடத்தை நானே சந்தேகப்படுறதாங்கிற ஒரே காரணத்துக்காக.

உடனே போயி மாத்துனேனான்னு கேளுங்க. மாத்தலை. அதைச் சொல்லத்தான் எனக்கு இன்னைக்கும் நாக் கூசுது. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க, நான் போயி ரெண்டு ஒயரை இடம் மாத்தி மாட்டுனா எவனுக்கும் புரிஞ்சு போயிரும். பொண்டாட்டி வலியில நடக்கிறா, நான் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் மானத்தைக் கட்டிக்கிட்டு நடந்தேன். அந்தோணி எனக்கு முன்னால பத்தடியில நடந்தான், அவன் முதுகைப் பாத்துக்கிட்டேதான் நடந்தேன்.

மறுநாள் காலையில டீவண்டி வர்ற நேரம், கூட்டம் அங்க ஒதுங்குனதும், கேஸ்கட்டைப் பாக்குற மாதிரி குனிஞ்சு ரெண்டையும் மூணையும் மாத்துனேன். ஓடுற இஞ்சின்ல பிளக் ஒயரை வெறுங்கையால தொட்டா தோள்பட்டை வரைக்கும் உதறும், பல்லைக் கடிச்சுக்கிட்டு மாத்துனேன். மாட்டி முடிச்ச அந்த நொடியில இஞ்சின் சத்தம் சீராச்சு. எப்பேர்ப்பட்ட சீரு, ரேடியேட்டர் மேல ஒரு டம்ளர் தண்ணி வச்சா அசையாது. நாலு தெருவுலயும் நொண்டல் போச்சு. கிழவனுங்கல்லாம் மாப்பிள்ளை மாதிரி நடந்தாங்க. ஓடி வந்து, இல்ல, நடந்து வந்து என்னைச் சுத்திக்கிட்டாங்க, என்ன செஞ்சீங்க கொம்பையான்னு தெய்வசிகாமணி சார் கேட்டாரு. கேஸ்கட்டு சூட்டுல தானாப் படிஞ்சிருச்சு சார்னு வாய் கூசாமச் சொன்னேன். எவனோ ஒருத்தன் நந்திக்கு வச்சிருந்த மாலையைக் கொண்டாந்து என் கழுத்துல போட்டான்.

ஆனா இஞ்சின் நிக்கலை. சீரா, சுகமா, நிக்காம ஓடுச்சு. நாங்களும் சீரா, சுகமா, நிக்காம நடந்தோம்.

பத்து மணிக்கெல்லாம் செண்பகத்துக்கு வலி எடுத்துருச்சு. பனிக்குடம் உடைஞ்சு ஷெட்டு வாசல் வரைக்கும் தண்ணி. கிரேஸ் சிஸ்டர் ஷெட்டைச் சுத்திச் சேலையைக் கட்டச் சொன்னாக, கழட்டிப் போட்டிருந்த பின்சீட்டைத் துடைச்சு விரிப்பைப் போட்டாக, படும்மா படும்மான்னு கெஞ்சுனாக. இவ சீட்டு வரைக்கும் போவா, கால் திருப்பிக் கூட்டிட்டு வந்துரும். பதினேழோட மேல்தகட்டைப் பிடிச்சுக்கிட்டு வண்டியைச் சுத்திச் சுத்தி நடந்தா, நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டுக் கூட நடந்தேன், என் கழுத்துல அந்த மாலை. வெளிய ஊரே தெருவை அடைச்சுக்கிட்டு ஷெட்டைச் சுத்துது. வலி வர்றப்ப என் கையை நொறுக்கிருவா போலப் பிடிப்பா. அப்படி ஒரு வலி வந்து போனதும் என் மூஞ்சியைப் பாத்தா.

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா?"

கேளும்மான்னேன்.

"வண்டியில கடைசியா கை வச்சது யாரு?"

எத்தனை பேரைப் பாத்து நான் கேட்ட கேள்வி. பூசை அன்னைக்கு அவ பக்கத்துலதான நின்னா, என் கை எந்தப் பக்கமாப் போச்சுன்னு பாத்துக்கிட்டுத்தான நின்னா. அவளுக்கு இஞ்சினைப் பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா என்னைப் பத்தித் தெரியும். நான்தான்னு அவளுக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னேன்.

"எனக்குத் தெரியுங்க. இவுகளுக்குக் கேக்கணும்."

அடுத்த வலி வந்து அவ மடங்கிட்டா, மடங்குன உடம்போடயே கால் நடக்குது. நான் அழுதுட்டேன் சார். மாலையைக் கழட்டிப் போட்டுட்டு, சேலைத் திரையை விலக்கித் தெருவைப் பாத்து, என் பிறவியில போடாத சத்தம் போட்டுச் சொன்னேன்.

"கடைசியா கை வச்சவன் நான்தான். ஆயுதபூசை அன்னைக்கு ரெண்டையும் மூணையும் மாத்தி மாட்டுனது நான். கேஸ்கட்டுல ஒண்ணுமில்ல. அந்தோணி வேலையில ஒரு குத்தமும் இல்ல. எனக்கு நேத்தே தெரியும்."

இஞ்சின் நின்னுருச்சு. முக்கலும் இல்ல, வெடியும் இல்ல, சாவியை எடுத்தா நல்ல வண்டி எப்படி நிக்குமோ அப்படி நின்னுச்சு.

முப்பத்தெட்டு நாள் சத்தத்துக்கு அப்புறம் அந்த அமைதியில காது வலிச்சுச்சு. நாலு தெருவுலயும் எவன் எங்க இருந்தானோ அங்கயே பொத்துன்னு உட்கார்ந்தான். குருக்கள் மழைத்தண்ணி தேங்குன குழியில உட்கார்ந்துட்டாரு. தெய்வசிகாமணி சார் என்னோட ஆயில் தட்டுல உட்கார்ந்தாரு, வேட்டி போனதுகூட அவருக்குத் தெரியலை. நாய்க்கு ரெண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்து, நாய் எந்திரிச்சுப் போச்சு. தொந்தி கரையணும்னு கையெழுத்து வாங்குனவன்தான் மொதல்ல குறட்டை விட்டது. செண்பகம் பின்சீட்டுல உட்கார்ந்தா, உட்கார்ந்து சாஞ்சா, சாஞ்சு கண்ணை மூடிக்கிட்டு, அம்மான்னு ஒரு வார்த்தை சொன்னா. அந்த சீட்டுலதான் சார் நீங்க இப்ப உட்கார்ந்திருக்கீங்க, தெய்வசிகாமணி சார்தான் பெரிய மனசு பண்ணி எனக்கே குடுத்துட்டாரு. சிஸ்டர் என்னை வெளிய போகச் சொல்லித் திரையை இழுத்து விட்டுட்டாக.

வெளிய வந்தேன். கால் இப்ப தானா ஓடலை. இருந்தும் எனக்கு உட்கார முடியலை, ஊரே உட்கார்ந்து என்னைப் பாக்குது, எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உட்காருறது? எங்க உட்காருறது? ஷெட்டு ஓரமா ஒரு காலி ஆயில் டின்னு மேல அந்தோணி உட்கார்ந்திருந்தான், காலைத் தடவிக்கிட்டு, தரையைப் பாத்துக்கிட்டு. தலையைத் தூக்கி என்னைப் பாத்தான். டின்னுல ஒரு பக்கமா நகர்ந்தான்.

"உட்காருங்க அண்ணாச்சி."

ஒரு டின்னுல ரெண்டு ஆளு உட்கார முடியாது சார், பாதிப் பாதி வெளிய தொங்கிக்கிட்டு, ஒருத்தனை ஒருத்தன் தள்ளிறாமப் பிடிச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருந்தோம், அப்பத்தான் திரைக்குப் பின்னால இருந்து பிள்ளை அழுத சத்தம் வந்துச்சு.